குழாயில் கேட்டது

ஆண்டிமடம்
08.07.2024

வினோதினி அவர்களுக்கு,

நான் அம்பிகா. உங்கள் கிணற்றில் இறந்துபோன கொளஞ்சியப்பனின் மனைவி. போனில் கேட்டால் பக்கத்தில் உங்கள் வீட்டு ஆட்கள் இருப்பார்கள். நீங்களும் வேறு பேச்சுப் பேசி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். முகவரியை விசாரித்துக் கொடுத்தது தங்கராசு.

கேள்வி ஒன்றுதான். மே மாதம் பதினாலாம் தேதி காலையில் கிணறு சரிந்தது. பதினாறாம் தேதி சாயங்காலம் அவரை மேலே எடுத்தார்கள். அத்தனை நேரமும் நான் உங்கள் வரப்போரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் மாமனார் வைரக்கண்ணு வந்து என் முன்னால் குந்தி, "மண்ணு விழுந்த நிமிசமே போயிட்டாரும்மா. ஒரு வலியும் தெரிஞ்சிருக்காது. மனச தேத்திக்க" என்று சொன்னார். நானும் நம்பினேன். அழுகையோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போன வாரம் தங்கராசு வந்தார். உங்களுக்கே தெரியும், கிணற்றுக்குள் இருந்தது இரண்டு பேர். சுவர் சரிந்தபோது தங்கராசு கிரேன் வாளியில் மேலே வந்துகொண்டிருந்ததால் பிழைத்தார். என் வீட்டுக்காரரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்ததும் அவர்தான். இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னார். வலது கையில் ஒரு கல் இருந்ததாம். விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். கல்லின் ஒரு முனை மழுங்கிப் போய், அதில் இரும்புத் துரு ஒட்டியிருந்ததாம்.

மண் விழுந்த நிமிடமே செத்தவர் கையில் கல் எப்படி வந்தது? அதில் துரு எப்படி வந்தது?

உங்களை ஏன் கேட்கிறேன் என்றால், அந்த இரண்டாம் நாள் எனக்கு டீ கொண்டுவந்தது நீங்கள். உங்கள் கை ஆடி டீ என் புடவையில் கொட்டியது. அந்த வீட்டில் வேறு யார் கையும் ஆடவில்லை.

அம்பிகா


பூலாம்பாடி
16.07.2024

அம்பிகா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. எட்டாம் வகுப்பு வாசலில் நின்றே படித்தேன். பிறகு அன்று பாடம் எடுக்க முடியவில்லை.

உங்கள் துக்கத்தில் பாதியைக்கூட நான் உணர்ந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் அக்கா, எல்லோருக்கும் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். அவ்வளவு மண் சரியும்போது மனிதனின் கை எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். கிணற்றின் அடியில் கடப்பாரை, துளை போடும் கம்பி என்று எத்தனையோ இரும்பு கிடந்தது. துரு அதிலிருந்து பட்டிருக்கலாம். தீயணைப்புக்காரர்கள் முதல் நாள் முழுக்க மைக்கில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அதை நீங்களே கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

என் கை ஆடியது தூக்கமில்லாததால். அவர் வேதனைப்படவில்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் சிவரஞ்சனி பன்னிரண்டாம் வகுப்பு என்று கேள்விப்பட்டேன். இயற்பியல் புத்தகம், குறிப்பு எது வேண்டுமானாலும் என்னிடம் இருக்கிறது. கேளுங்கள், அனுப்புகிறேன்.

வினோதினி


ஆண்டிமடம்
21.07.2024

வினோதினி அவர்களுக்கு,

நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் பத்தாவதுதான் படித்தேன். பதினைந்து வருடமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறேன். ஒன்றைப் பயத்தில் பற்றிய கை வேறு, அடிப்பதற்குப் பிடித்த கை வேறு. தங்கராசை மறுபடி கூப்பிட்டு விரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். கட்டைவிரல் மேலே ஏறி, கல்லின் முதுகில் அழுந்தி இருந்தது என்று காட்டினார். அது அடிக்கிற பிடி.

மைக்கில் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை என்கிறீர்கள். வாயால் சொன்னது மேலே வராதபோது அவர் கையால் சொல்லியிருக்கிறார். யாருக்குக் கேட்டது?

என் மகளுக்குப் புத்தகம் இருக்கிறது. என்னை அக்கா என்று எழுத வேண்டாம்.

அம்பிகா


பூலாம்பாடி
04.08.2024

அம்பிகா அவர்களுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்குக் கேட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். கிணற்றை ஆழப்படுத்த ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் வெடி வைப்பார்கள். வெடிப்பது அறுபதடி ஆழத்தில்தான். ஆனால் அந்த அதிர்வு பாறையில் ஓடி, தரையில் ஏறி, எங்கள் அடுப்படிக்கு வரும். அலமாரியில் அடுக்கிய தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அதற்குப் பழகிப் போயிருந்தோம். பதினாலாம் தேதி காலையிலும் வெடித்தது, தட்டுகள் கிணுகிணுத்தன. புகை அடங்கியதும் உங்கள் வீட்டுக்காரரும் தங்கராசும் இறங்கினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டுகள் மறுபடியும் கிணுகிணுத்தன. இந்தத் தடவை வெடிச் சத்தம் இல்லை. நான் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மேற்குப் பக்கத்துக் கல்கட்டு மொத்தமும் உள்ளே போயிருந்தது.

இரண்டாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். வேலை செய்பவர்களுக்கு டீ டம்ளர் எடுக்க மோட்டார் கொட்டகைக்குள் போனேன். மோட்டாரிலிருந்து கிணற்றின் அடி வரை இறங்கும் இரும்புக் குழாய் உங்களுக்கு நினைவிருக்கும். சரிவில் அது வளைந்தது, ஆனால் ஒடியவில்லை. நிலை தடுமாறி அதன்மேல் கை ஊன்றினேன். உள்ளங்கையில் ஏதோ தட்டியது. முதலில் காதில் கேட்கவில்லை, கையில்தான் தெரிந்தது. பிறகு குழாயில் காதை வைத்தேன்.

மூன்று தட்டு. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று.

நான் இயற்பியல் பட்டதாரி. மண் சத்தத்தை விழுங்கும், அதனால்தான் மைக்கில் கூப்பிட்டதும் அவர் கத்தியதும் ஒன்றையொன்று சேரவில்லை. இரும்பு விழுங்காது. ஒரு முனையில் தட்டினால் மறுமுனைக்குக் கண்ணிமைக்கும் முன்னால் வந்துவிடும். பெஞ்சின் இரும்புக் காலில் காதை வைக்கச் சொல்லி வருடா வருடம் வகுப்பில் செய்து காட்டுகிறவள் நான். ஜேசிபி நடுக்கம் ஓயாமல் வரும், அதற்குக் கணக்குத் தெரியாது. இது எண்ணித் தட்டியது. எனக்குச் சந்தேகமே இல்லை. தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

என் வீட்டுக்காரர் ராஜராஜனைக் கூப்பிட்டேன். அவர் காதை வைத்துவிட்டு, "ஜேசிபி ஆட்டம்டி. போயி டீய குடு" என்றார். இரண்டு நிமிடம் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் போய் மாமனாரைக் கூட்டிவந்தார். மாமா குழாயில் காதை வைத்து ரொம்ப நேரம் நின்றார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"இதை வெளியில சொன்னீன்னா இப்பவே நாலு பேரு உள்ள குதிப்பான். சுவரு அந்தரத்துல நிக்குது. அவனுவளும் போயிட்டா யாரு பதில் சொல்றது? மெசினு வெட்டுற வேகத்துல வெட்டட்டும். நீ ஒண்ணும் கேக்கல."

அது நியாயம் போலத்தான் இருந்தது. நியாயமாக இருக்க வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் நேராக உங்களிடம் வந்து குந்தினார்.

பகல் ஒரு மணிக்கு மெஷின்களை நிறுத்திச் சாப்பிடப் போனபோது திரும்பப் போனேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. மூன்று மணிக்குத் தீயணைப்பு அதிகாரி எங்கள் எல்லோரையும் பார்த்து, "யாருக்காச்சும் எதாச்சும் சத்தம் கேட்டுச்சாங்க?" என்று பொதுவாகக் கேட்டார். நான் டீத் தட்டோடு நின்றேன். மாமா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். நீங்கள் நாற்பது அடி தூரத்தில் இருந்தீர்கள்.

பதினாறாம் தேதி விடிந்த பிறகு போனேன். அப்போதும் இருந்தது. மெதுவாக, எண்ணிக்கை குறைந்து. ஒன்பது மணிக்கு இல்லை.



வினோதினி


ஆண்டிமடம்
10.08.2024

வினோதினி,

உங்கள் கடிதத்தை முந்திரிக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைத் தூக்கிப் போய் வீட்டில் விட்டார்கள்.

நாற்பது அடி. நான் அங்கே உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை ஒரு தடவை அந்தக் கொட்டகைக்குள் கூப்பிட்டிருக்கலாம். ஒன்றும் பேச வேண்டாம், கையைப் பிடித்து அந்தக் குழாயில் வைத்திருந்தால் போதும். நான் ஊரைக் கூட்டியிருப்பேன். உங்கள் மாமனார் என் வாயையும் அடைத்திருப்பாரா?

ஒன்று நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் உங்கள் மாமனாரிடம், "மேக்கால பக்கம் வெடி வேணாங்க, கல்லுக்கட்டுல மண்ணு உதிருது. அதிர்ச்சி தாங்காது" என்று சொன்னார். "மழைக்கு முன்ன முடிக்கணும், வையி" என்று அவர் சொன்னார். இதைத் தங்கராசு பக்கத்தில் நின்று கேட்டார். உயிரோடு வந்திருந்தால் என் வீட்டுக்காரரும் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். உங்கள் மாமனார் நாலு பேர் சாவார்கள் என்று பயந்தாரா, ஒருவர் பிழைப்பார் என்று பயந்தாரா? அவரையே கேளுங்கள்.

எனக்கு எழுதியதை அரசாங்கத்துக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.

அம்பிகா


பூலாம்பாடி
27.08.2024

அம்பிகா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் கைப்பையில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். கட்டிலில் உட்கார்ந்து, "அப்பாவ ஜெயிலுக்கு அனுப்பப் போறியா? நம்ம புள்ளைய நாளைக்கு யாரு கட்டுவா?" என்று கேட்டு அழுதார். எங்கள் மகளுக்கு மூன்று வயது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மோட்டார் கொட்டகை காலியாக இருந்தது. கிணற்றிலிருந்து எடுத்துப் போட்டிருந்த குழாயை மூன்று துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதன் அடிமுனையில் உங்கள் வீட்டுக்காரர் தட்டிய இடம் பள்ளம் விழுந்து பளபளவென்று இருந்தது. ஜூன் மாதத்தில் நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது அதுவும் இல்லை.

வெடி பற்றி மாமாவிடம் கேட்டேன். அவர் சோற்றில் கை வைத்தபடி, "கேட்டுட்டியா, இப்ப சந்தோசமா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவும் இல்லை. அவர் ராட்சசர் இல்லை, அம்பிகா அவர்களே. அப்படி இருந்திருந்தால் எனக்கும் எளிதாக இருந்திருக்கும். இரவில் எழுந்து எழுந்து திண்டாடுகிற மனிதரைத்தான் பார்க்கிறேன்.

என்னால் அரசாங்கத்திடம் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எழுதாமல் இருக்காதீர்கள்.

வினோதினி


ஆண்டிமடம்
03.09.2024

வினோதினி,

நேற்று திங்கட்கிழமை. பெரம்பலூரில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய் மனுக் கொடுத்துவிட்டேன். தங்கராசும் கூட வந்து கையெழுத்துப் போட்டார். கோட்டாட்சியர் விசாரணை வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓலை வரும். உங்கள் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதங்களைக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க முடியும். காகிதத்தைக் காட்டி உங்களைப் பிடித்து இழுத்துவர எனக்கு இஷ்டமில்லை. நீங்களே வந்து சொன்னால்தான் அது சொன்னது.

உங்கள் மாமனார் சாப்பிடாததை எனக்கு எழுதாதீர்கள்.

அம்பிகா


செந்துறை
12.10.2024

அம்பிகா அவர்களுக்கு,

இது என் அம்மா வீடு. விசாரணை முடிந்த மூன்றாம் நாள் மகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். அனுப்பினார்களா, நானே வந்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று நீங்கள் வெளியே வராந்தாவில் இருந்தீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்கு முழுதும் தெரியாது. நான் போகும்போது என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாமல்தான் போனேன். முதலில் மாமாவைக் கேட்டார்கள். எந்தச் சத்தமும் வரவில்லை என்றார். பிறகு தீயணைப்பு அதிகாரி பேசினார். குழாய் வழியே சத்தம் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கோட்டாட்சியர் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. "யாரையும் எறக்கியிருக்க மாட்டோம் மேடம். மெசினை நிறுத்திட்டு, குழாயை ஒட்டியே மேலேருந்து ஒரு துளை போட்டுக் காத்து விட்டிருப்போம். தண்ணி விட்டிருப்போம். அப்புறம் எத்தனை நாள் வேணாலும் நிதானமா வெட்டியிருக்கலாம்" என்றார்.

நாலு பேர் சாவார்கள் என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாலரை மாதம் சோறு தின்றேன். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். மாமாவும் அந்தப் பதிலைக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

என் முறை வந்ததும் சொல்லிவிட்டேன். குழாய், பதினோரு மணி, மூன்று தட்டு, கதவைச் சாத்தியது, டீத் தட்டு, எல்லாவற்றையும். என் வீட்டுக்காரர் எழுந்து, "அவளுக்குக் குழந்தை பொறந்ததுலேருந்தே மனசு சரியில்ல சார், ம், மேடம்" என்றார். குழாய் எங்கே என்று கேட்டார்கள். பழைய இரும்புக்குப் போனது என்றார்கள். அந்தச் சத்தத்துக்கு வேறு சாட்சி உண்டா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதியது சரியில்லை. ஒன்றை அங்கேயும் சொல்லவில்லை. உங்களுக்கும் எழுதவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தால் மற்றதைச் சொன்னதற்கும் அர்த்தமில்லை என்று இங்கே வந்த பிறகு தோன்றுகிறது.

அன்று பகல் ஒரு மணிக்கு, மெஷின்கள் நின்றிருந்தபோது, நான் கேட்டுவிட்டு மட்டும் வரவில்லை. மோட்டார் மேல் ஒரு ஸ்பேனர் கிடந்தது. அதை எடுத்துக் குழாயில் மூன்று தடவை தட்டினேன்.

உள்ளே தட்டுவது நின்றது. நான் குழாயில் காதை அழுத்தினேன். பிறகு வந்தது பாருங்கள், எண்ணிக்கையே இல்லாமல், படபடவென்று, குழாய் முழுக்க அதிர்ந்தது. என் பல்லில் தெரிந்தது. அவர் சிரித்திருப்பார் அல்லது அழுதிருப்பார். தன்னை யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன்.

சாயங்காலம் போய்க் காதை வைத்தபோது மறுபடி மூன்று, இடைவெளி, மூன்று. அந்த இடைவெளி ஏன் என்று அப்போது புரிந்தது. நான் பதில் தட்டுவதற்காக அவர் விட்ட இடம் அது. ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு எனக்காகக் காத்திருந்தார். நான் தட்டவில்லை. இரண்டாவது தடவை தட்டினால் அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் தட்டவில்லை.

இதை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை.

வினோதினி


ஆண்டிமடம்
28.10.2024

வினோதினி,

உங்கள் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் உங்களைக் கொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. செந்துறைக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறதா என்றுகூட விசாரித்தேன். பிறகு வேலைக்குப் போனேன்.

நீங்கள் தட்டியது நல்லதா கெட்டதா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த இருட்டில் அவர் தனியாக இல்லை என்று கொஞ்ச நேரமாவது நினைத்திருக்கிறார். மேலே ஆள் இருக்கிறது, எடுத்துவிடுவார்கள், அம்பிகாகிட்ட சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருப்பார். அதுவும் உங்களால்தான். பிறகு ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் காலை வரை ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்று நினைத்தபடியே போயிருக்கிறார். அதுவும் உங்களால்தான். இதில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது என் வேலையும் இல்லை. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவரஞ்சனியிடம் அப்பா எப்படிச் செத்தார் என்று இப்போதுதான் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அவங்க ஏம்மா பாதிய மட்டும் ஆபீஸ்ல சொன்னாங்க?" என்றாள்.

கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போன வியாழக்கிழமை போனேன். சாட்சி சொன்னவர் இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். உள்ளேயிருந்து தட்டியதை நீங்கள் கேட்டீர்கள் என்பது உங்கள் காதின் பேச்சு. மனசு சரியில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் அதைத் தள்ளிவிடுவார். நீங்கள் தட்டினீர்கள், அவர் பதில் தட்டினார் என்பது வேறு. அது உங்கள் தப்பையும் சேர்த்துச் சொல்வது. தன் தலையில் தானே போட்டுக்கொண்டு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று தங்கராசு சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நவம்பர் மாதம் ஆறாம் தேதி, புதன்கிழமை, பதினோரு மணிக்கு உங்களை மறுபடி விசாரிக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். செந்துறை முகவரிக்குத் தபால் வரும்.

உங்கள் மேலும் வழக்கு வரலாம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். இனிமேல் நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

இந்தத் தடவை என்னையும் உள்ளே உட்காரவிடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஜெயங்கொண்டம் போய் அங்கிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். நீங்கள் உள்ளே வரும்போது என்னைப் பார்க்க வேண்டாம். அந்த ஸ்பேனரை எடுத்ததைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்பிகா